நரியின் வாயில் நல்ல தமிழ்

நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் தமிழ் விளங்கும் சிங்கப்பூரில், அது பல குடும்பங்களில் பள்ளிப்பாடமாகச் சுருங்கி, வீட்டுப் பேச்சை ஆங்கிலத்துக்கு விட்டுக்கொடுத்துவரும் வேளையில், அதைக் குழந்தைகளின் குதூகலத்துக்குள் சேர்க்கும் கதைசொல்லிகளின் சாமர்த்தியம் ரசிக்கத்தக்கது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், பொது நூலகங்கள், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா ஆகியவை இக்கதைசொல்லும் கலைக்கு ஏற்ற அரங்குகள்.

வடை கவ்விய காக்கையை நரி ஏமாற்றும் கதையில், கைப்பொம்மை நரியைக் குழைந்து பேசவிட்டு, காக்கை பாட வாய்திறக்கும் தருணத்தில் சட்டென்று மௌனமாகி, "அப்புறம்?" என்று கேட்பதில்தான் வித்தையின் ஜீவன் இருக்கிறது. ஆவல் தாளாத குழந்தை பாதி ஆங்கிலத்தில் கூவினால், தேர்ந்த கலைஞர் கடிந்துகொள்வதில்லை. அதே விடையை நரியின் வாயால் நல்ல தமிழில் திருப்பிச் சொல்லுவார். குழந்தையும் அறியாமலே அதைப் பின்பற்றும். (கதை முடிந்ததும் நீதியைத் தனியே பிழிந்து புகட்டுவோரிடம் எனக்கு அவ்வளவு பிரியமில்லை.) பின்வரிசைப் பாட்டிமார், தங்கள் ஊர்க் காக்கை வடையைக் காலில் இடுக்கிக்கொண்டே பாடியதாகப் பாடபேதம் கூறி வாதிடுவதையும் நிகழ்ச்சியின் ஓர் அங்கமாகவே கொள்ளவேண்டும்.