கொடுத்தவர் கையெழுத்தும் பெற்றவர் குரலும்: இலண்டன் நகர ஆவணக்காப்பகத்தின் அமைப்புப் பதிவேடுகள் குறித்த ஒரு விமர்சன வாசிப்பு

புலம்பெயர் தமிழ் அமைப்புகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் ஆண்டுவிழா மலர்களையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர். மலர் என்பது தனி இலக்கிய வகை. அதில் வாழ்த்துரை உண்டு. தலைவர் உரை உண்டு. செயற்குழுவின் புகைப்படம் உண்டு. வாக்கெடுப்பில் தோற்ற தீர்மானம் மட்டும் இராது. அதனைத் தேடுபவர் கூட்டக் குறிப்பேட்டிற்கே செல்லுதல் வேண்டும். அக்குறிப்பேடு எங்கு உள்ளது, எவர் சொற்களில் விவரிக்கப்பட்டுள்ளது என்னும் வினாக்களை முன்வைத்து, இலண்டன் மாநகரின் ஆவணக்காப்பகத்தில் உள்ள மூன்று தொகுப்புகளை இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது.

கிளார்க்கன்வெல் பகுதியில் அமைந்துள்ள இக்காப்பகம், 1986இல் பெருநகர இலண்டன் மன்றம் கலைக்கப்பட்டபோது இலண்டன் சிட்டி நிர்வாகத்தின் பொறுப்பிற்கு வந்தது. 1997இல் இலண்டன் மெட்ரோபொலிட்டன் ஆவணக்காப்பகம் என்றும், 2024இல் இலண்டன் ஆவணக்காப்பகம் என்றும் பெயர் மாற்றம் பெற்றது.

முதலாவது, பவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் தொகுப்பு. பெயரில் ஹாஸ்பிட்டல் என்று இருப்பினும் அது மருத்துவமனை அன்று. தாமஸ் கோரம் என்பவரின் முயற்சியால் 1739இல் சாசனம் பெற்ற, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். குழந்தையை ஏற்கும்போது எழுத்தர் ஒரு படிவத்தில் அதன் பாலினம், வயது, அணிந்திருந்த உடை ஆகியவற்றைக் குறித்தார். தாயின் பெயர் பெரும்பாலும் குறிக்கப்படவில்லை. பின்னர் குழந்தைக்கு எண்ணும் புதுப்பெயரும் வழங்கப்பட்டன. பழைய பெயர் இருந்திருப்பின் அது அத்துடன் மறைந்தது. ஆயினும் அப்படிவங்கள் பலவற்றில் ஒரு துணித்துண்டு ஊசியால் குத்தப்பட்டுள்ளது: பூவேலைப் பருத்தி, நாடா. பின்னாளில் குழந்தையை மீட்க வந்தால் அடையாளம் காட்டுவதற்காக வைக்கப்பட்டவை இவை. பதினெட்டாம் நூற்றாண்டு எளிய மகளிரின் உடைக்கு இத்துணை விரிவான சான்று பிறிதோரிடத்தில் கிடைப்பது அரிது என்பதனால் துணி வரலாற்றறிஞர் இவற்றைப் போற்றுகின்றனர். என் கருத்தில் இவற்றின் சிறப்பு வேறு. எழுத்தரின் மை நிரம்பிய அந்தப் பக்கத்தில், கொடுத்தவளின் கை பட்டுவந்தது அத்துண்டு ஒன்றே.

இரண்டாவது, 1869இல் தோன்றிய அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கத்தின் ஆவணங்கள். உதவி வேண்டி வந்தவரை நேரில் விசாரித்து, உதவத் தக்கவர், தகாதவர் எனப் பிரித்தறிவதே இச்சங்கத்தின் முறைமை. வாடகை, கூலி, குடிப்பழக்கம், அயலார் கூற்று எல்லாம் அக்கோப்புகளுக்கு உரியன. வறியோர் வாழ்வை ஆராய்பவருக்கு அவை பொற்சுரங்கம் என்று கூறுவது வழக்கம். எனினும் அச்சுரங்கத்தைத் தோண்டியவர் யார் என்பதை மறத்தல் ஆகாது. வறியவர் பேசியது விசாரணையாளரின் வாக்கியமாகவே எஞ்சியுள்ளது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்த செய்தியும் அன்று. 1980களில் பெருநகர மன்றம் சிறுபான்மை இனக் குழுக்களுக்கு மானியம் வழங்கியபோது, அக்குழுக்கள் நகர ஆவணத்தில் இடம்பெற்ற வழியும் விண்ணப்பதாரர் என்னும் வழியே. விண்ணப்பத்தில் எந்த அமைப்பும் தன் உட்பூசலை எழுதுவதில்லை.

மூன்றாவது தொகுப்பு இம்முறைமையிலிருந்து வேறுபடுகிறது. பிரித்தானிய கயானாவிலிருந்து 1950களில் இலண்டனுக்கு வந்த எரிக், ஜெசிக்கா ஹன்ட்லி இணையர், போகில்–லூவெர்ச்சூர் பதிப்பகத்தை நிறுவியவர்கள். வரலாற்றறிஞர் வால்டர் ராட்னி ஜமைக்காவிற்குள் நுழையத் தடைவிதிக்கப்பட்டதை அடுத்து, அவருடைய உரைகளை 1969இல் அச்சிட்டு வெளியிட்டதே அப்பதிப்பகத்தின் தொடக்கம். பதிப்பகம், புத்தகக்கடை, பெற்றோர் இயக்கம் ஆகியவற்றின் கடிதங்கள், துண்டறிக்கைகள், சுவரொட்டிகள் முதலியவற்றை அவ்விணையர் 2005இல் தாமே காப்பகத்தில் ஒப்படைத்தனர். அடுத்த ஆண்டு முதல் அத்தொகுப்பை முன்னிட்டு ஆண்டு மாநாடும் நடைபெற்றது. இங்கு அமைப்பு விண்ணப்பதாரராக அன்றி, தன் ஆவணங்களை ஆக்கியோனாகப் பட்டியலில் நிற்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதை முதலில் தீர்மானித்தவர்களும் அவர்களே.

இதற்கு மாற்றுவழியும் அந்நகரிலேயே உண்டு. நியூ பீக்கன் புத்தகக்கடையை 1966இல் நிறுவிய ஜான் லா ரோஸும் அவர் தோழர்களும் 1991இல் ஜார்ஜ் பட்மோர் நிறுவனத்தைத் தொடங்கி, தம் இயக்கங்களின் ஆவணங்களைத் தம் பொறுப்பிலேயே வைத்தனர். நம்மவரிடையே இவ்வழிக்கே ஆதரவு மிகுதி. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை தன் ஏடுகளைப் பிறர் கட்டடத்தில் வைக்கத் தயங்குவது இயல்பே. ஆயினும் தம் கையில் வைத்திருத்தல் என்பது நம்மிடம் நடைமுறையில் செயலாளர் வீட்டுக் கராஜில் வைத்திருத்தல் என்றே பொருள்படுகிறது. யான் சிலகாலம் பணியாற்றிய வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் முதற் பன்னிரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்பேடுகள், தனாதிகாரியின் பற்றுச்சீட்டுக் கட்டுகளுடன், ஒரு வீடு மாற்றத்தின்போது ஈரத்தில் ஊறி அழிந்தன. மலர்கள் மட்டும் எல்லார் வீட்டிலும் உள்ளன.

ஆகவே ஒப்படைத்தலே தக்கது என்பது என் நிலைப்பாடு. ஆனால் ஹன்ட்லி தொகுப்பிற்கு நேராத ஓர் இடர் நமக்கு உண்டு. அவ்விணையரின் ஆவணங்கள் பட்டியலாளர் படிக்கக்கூடிய மொழியில் இருந்தன. தமிழ்க் குறிப்பேட்டைப் படிக்க இயலாத பட்டியலாளர் ‘தமிழில் கூட்ட நடவடிக்கைகள்’ என ஒரு வரி எழுதி அமைவார்; அதன்பின் அதைத் தேடி எவரும் வாரார். பெயர்களின் நிலை இன்னும் சிக்கலானது. குடும்பப்பெயரை முதலில் நிறுத்தும் முறைமையில் நம் பெயர் நுழையும்போது, தலைப்பெழுத்தாக நின்ற தந்தை பெயர் விரிந்து முன்னே வந்துவிடுகிறது. கூட்டத்தில் பேசியவர் மகள். பட்டியலில் நிற்பவர் ஊரில் இறந்துபோன தந்தை. ஒரே உறுப்பினர் மூன்று எழுத்துக்கூட்டலில் மூவராவதும் உண்டு. பவுண்ட்லிங் குழந்தைக்கு எழுத்தர் இட்ட புதுப்பெயரிலிருந்து இது எவ்வளவு தொலைவு?

ஒப்படைக்கும் அமைப்பு ஏடுகளோடு தமிழ் எழுத்தில் உறுப்பினர் பெயர்ப்பட்டியலையும், ஒவ்வோர் ஏட்டிற்கும் பத்து வரி உள்ளடக்கக் குறிப்பையும் சேர்த்தளித்து, அவற்றைப் பட்டியலின் பகுதியாகவே பதியுமாறு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். பணத் தகராறு, பிரிவினை பற்றிய ஏடுகளைக் கிழித்தெறியாமல் குறித்த ஆண்டுகள்வரை மூடிவைக்கவும் ஒப்பந்தத்தில் இடமுண்டு. எவ்வேடு எக்கூட்டத்தைச் சார்ந்தது, ‘மாஸ்டர்’ என்று மட்டும் குறிக்கப்பட்டவர் யார் என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள் முதற் செயற்குழுவினரே. அவர்களுள் இளையவர்க்கும் இன்று எழுபது வயது கடந்துவிட்டது.