கட்டாடி இல்லாத சடங்கு: புகலிடக் கதைகளின் 'கலாசாரப் பயம்' பற்றி

சென்ற வருடம் இங்கே ரொறன்ரோவில் ஒரு ஊர்ச்சங்கம் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு என்னையும் ஒரு நடுவராகப் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் தமிழ் எம்.ஏ. படித்ததற்கு இந்த ஊரில் கிடைக்கக்கூடிய மரியாதை இவ்வளவுதான். வந்த கதைகளை ஒரு பனிக்காலம் முழுக்க வைத்து வாசித்தேன். முக்கால்வாசி ஒரே கதை. தகப்பன் இரண்டு வேலை செய்கிறார். தாய் சாமியறையில் அழுகிறாள். ஊரிலிருந்து கூப்பிட்டெடுத்த அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளை கதைப்பது விளங்கவில்லை. கடைசியில் மகள் ஒரு வெள்ளையனோடோ, 'கறுவலோடோ' (எழுதியவர்கள் இந்தச் சொல்லைக் கூச்சமே இல்லாமல் எழுதியிருந்தார்கள்) போய்விடுகிறாள். தகப்பன் யன்னலால் பனி கொட்டுவதைப் பார்க்கிறார், ஊர்ப் பனைமரம் ஞாபகம் வருகிறது, கதை முடிகிறது.

ஒருவர் இப்படி எழுதினால் அது அவருடைய துக்கம். இருபது பேர் ஒருவரை ஒருவர் பாராமல் இதையே எழுதினால் அது ஒரு சொல்லாடல். அதன் இலக்கணத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதல் விதி: கலாசாரத்தைத் தொலைப்பது எப்போதும் மகள். மகன் தமிழை முற்றாக மறக்கிறான், தண்ணியடிக்கிறான், வேறு இனத்துப் பெண்ணைக் கட்டுகிறான். கதையில் அது ஒரு பந்தி. மகள் ஒரு பையனோடு கோப்பி குடித்தால் அது கதை. மரபு என்பது இவர்களுக்கு ஒரு பெண்ணுடம்பில் வைத்துப் பூட்டப்பட்ட சாமான். சாவி யாரிடம் என்பதுதான் அந்தப் பயத்தின் உண்மையான கேள்வி. இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. 1992இல் வந்த 'மறையாத மறுபாதி' தொகுப்பிலும், நோர்வேயிலிருந்து வந்த 'சக்தி'யிலும், தொண்ணூறுகளின் பெண்கள் சந்திப்புகளிலும் நமக்கு முந்திய பெண்கள் இதைச் சத்தமாகவே சொல்லிவிட்டார்கள். ஊர்ச்சங்க மலர்கள் அவற்றை வாசிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது விதி: தொலைந்துபோகிற 'கலாசாரம்' எது என்று ஒரு கதையும் விரித்துச் சொல்வதில்லை. சேலை, சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம், 'எங்கட ஆக்களுக்குள்ள' கலியாணம். பட்டியல் அத்தோடு சரி. இந்த 'எங்கட ஆக்கள்' யார்? தமிழரா? யாழ்ப்பாணத்தாரா? சைவரா? கதைகளில் வருகிற தகப்பன்மார் மகள் கூட்டிவந்த தமிழ்ப் பையனிடமும் முதலில் கேட்பது 'தம்பி எந்த ஊர்?' என்றுதான். ஊரின் பெயருக்குப் பிறகு குறிச்சி, குறிச்சிக்குப் பிறகு கோயில், கோயிலுக்குப் பிறகு தகப்பனின் பெயர். நாலு கேள்வியில் சாதி கையில் வந்துவிடும். சாதி என்ற சொல்லை ஒரு தடவைகூட உச்சரிக்கத் தேவையில்லை. நான் வாசித்த கதைகளிலும் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சனங்கள் உள்ளே போகக் கேட்டுப் போராடியபோது கதவைச் சாத்தியவர்களும் 'மரபு' என்றுதான் சொன்னார்கள். அந்த மரபு கொள்கலனில் ஏறி இங்கேயும் வந்திறங்கியிருக்கிறது, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு.

அரங்கேற்றத்தை எடுங்கள். ஸ்காபரோவில் அரங்கேற்றம் செய்கிற பிள்ளையின் அம்மம்மாவின் அம்மாவை யாழ்ப்பாணத்தில் யாராவது மேடையில் ஆட விட்டிருப்பார்களா? ஆடியிருந்தால் அவளுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? கோயில்களில் நடந்த தாசியாட்டத்தையும் ஆடு வெட்டுவதையும் கண்டித்து எழுதியவர் ஆறுமுக நாவலர். அந்த ஆட்டம் தேவதாசிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1930களில் 'பரதநாட்டியம்' என்ற பெயரோடு சென்னைச் சபாக்களில் நிலைகொண்டு, 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் வழியாக மேல்சாதிப் பெண்பிள்ளைகளுக்கு உரியதாகி, 1947இல் சட்டம் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தபோது ஆடிய பெண்கள் வெளியேயும் ஆட்டம் உள்ளேயுமாக நின்ற வரலாறு நமக்குத் தெரியும். நாவலர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அதே மேடையில் அரங்கேற்றம் நடக்கிறது. நடக்கட்டும், எனக்கு ஆட்டம் பிடிக்கும். ஆனால் இதை 'ஆயிரமாண்டு மரபு' என்று அழைப்பிதழில் போடுகிறவர்கள், பிள்ளை ஆட மாட்டேன் என்றால் ஆயிரமாண்டு அறுந்ததாக அழுகிறவர்கள், எண்பது தொண்ணூறு வருடக் கதையைத்தான் அழுகிறார்கள்.

மரபு மாறக்கூடாததா? சாமத்தியச் சடங்கில் ஊரில் சலவைத் தொழில் செய்த சமூகத்துப் பெண்ணுக்கு ஒரு வேலை இருந்தது. மாற்றுத்துணி கொண்டுவருவதும், பிள்ளையின் தீட்டுத்துணியை எடுத்துப்போவதும். 'கட்டாடி வராமல் தண்ணி வார்க்கிறதோ?' என்று என் அப்பாச்சி கேட்டிருப்பா. இங்கே மண்டபச் சடங்கில் அந்தப் பெண் இல்லை. அவளுடைய இடத்தில் மேக்கப் செய்கிறவர், வீடியோக்காரர், ஐந்து தட்டுக் கேக். பல்லக்கு வாடகைக்கு வருகிறது. செத்தவீட்டில் பறையும் இல்லை. (இப்போது இளம்பிள்ளைகள் பறையைத் 'தமிழர் இசை' என்று மேடையில் அடிக்கிறார்கள். அதை அடிக்கவேண்டும் என்று பிறப்பால் விதிக்கப்பட்டவர்கள் யார் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.) அடிமை குடிமைத் தொழில்கள் சடங்கிலிருந்து காணாமற் போனதற்கு ஒருத்தரும் கண்ணீர் விடவில்லை, ஒரு கதையும் எழுதவில்லை. எழுதத்தான் வேண்டுமென்று நான் கேட்கவில்லை, போனது நல்லது. ஆனால் வசதிக்குச் சடங்கை அடியோடு மாற்றிக்கொள்ளத் தெரிந்த சமூகம், பிள்ளை 'எனக்கு இது வேண்டாம்' என்கிற இடத்தில் மட்டும் 'மரபை மாற்றமுடியாது' என்கிறது.

நமக்கு முன்னரே கடல் கடந்தவர்களைப் பார்க்கலாம். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஆனால் மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள், தீமிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். மொறீசியசில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் மிகச் சிலர், கிரியோல்தான் வீட்டுமொழி. என்றாலும் தைப்பூசக் காவடிக்கு அரச விடுமுறை. 1998இல் புதிய ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தை வழமையான இடத்திலிருந்து கீழே இறக்கிப் போட்டபோது, அதை வீட்டில் பேசாத சனம் கிளர்ந்தெழுந்து அந்தத் தாள்களையே திரும்பப் பெறவைத்தது. இதைச் சிலர் 'பார்த்தீர்களா, மொழி போனாலும் பண்பாடு நிற்கும்' என்று ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. நிற்பது அடையாளம். கரும்புத் தோட்டத்தில் அடிவாங்கிய முதல் தலைமுறைப் பெண் தன் மகளுக்கு என்ன சொன்னாள், எந்தப் பாட்டில் அழுதாள் என்பது கூழோடு வந்து சேரவில்லை. தாளில் எழுத்து இருக்கிறது, வாயில் சொல் இல்லை.

இந்த இடத்தில் நான் என் சொந்த ஆராய்ச்சித் தோரணையை விட்டுவிட வேண்டியிருக்கிறது.

என் மச்சாள், கணவரின் அக்கா, 2009இல் முள்ளிவாய்க்கால்வரை போய் வந்தவா. அவவின் மகளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் சாமத்தியச் சடங்கு. பெரிய மண்டபம், நானூறு பேர். கடன் பட்டுத்தான் செய்தவா. நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன்: பெண்ணுடல், காட்சிப்பொருள், ஆணாதிக்கம், சாதித் தூய்மை. மச்சாள் பலகாரம் சுட்டுக்கொண்டே கேட்டா. பிறகு, 'நீர் சொல்லுறது சரியா இருக்கும். நாங்கள் ஏழுபேர் சகோதரம். மிச்சமா நிக்கிறது நானும் உம்மட மனுசனும்தான். ஒருநாளைக்கெண்டாலும் என்ர வீட்டில சனம் நிறைஞ்சு நிக்கவேணும்' என்றா.

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்துத்தான் போட்டிக்கு வந்த கதைகளைத் திரும்ப வாசித்தேன். அப்போது அவற்றில் இல்லாதது எது என்று பிடிபட்டது. அந்தத் தகப்பன்மார், தாய்மார் எல்லோரும் எங்கிருந்தோ தப்பி வந்தவர்கள். 1983 ஜூலைக்குப் பிறகு, 1987க்குப் பிறகு, 1995க்குப் பிறகு, 2009க்குப் பிறகு. யாருடைய உடலாவது பதுங்குகுழிக்குள் விடப்பட்டிருக்கிறது. யாரையாவது இயக்கம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது, யாரையாவது ஆமி. யாரோ ஒருவர் காட்டிக்கொடுத்திருக்கிறார். ஒரு கதையிலும் எந்தத் தகப்பனும் இதைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. 'பிள்ளை தமிழ் கதைக்குதில்லை' என்று அழுகிற தகப்பன், பிள்ளைக்கு விளங்கியிருந்தால் என்ன கதைத்திருப்பார்? 'சாப்பிட்டியா, படிச்சியா, ஆரோட போனாய்?' சொல்லவேண்டியதைச் சொல்ல முடியாதவர்கள் அதற்குப் பதிலாகச் சடங்கைக் கொடுக்கிறார்கள். பிள்ளையின் கையில் பாக்கும் வெற்றிலையும் இருக்கிறது, ஏன் அப்பா இரவில் கத்துகிறார் என்ற விளக்கம் இல்லை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) போன்ற எழுத்து இந்த மௌனத்துக்குள் கையை விட்டுத் துழாவியது. நம் மலர்க் கதைகள் அதைச் சுற்றி மாவிலை கட்டுகின்றன.

பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை என்பதும் பொய். 2009 மே 10, ஞாயிறு, ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி மறித்த கூட்டத்தைப் பிறகு நான் வீடியோவில்தான் பார்த்தேன். அப்போது நான் யாழ்ப்பாணத்தில், வாய்திறக்க முடியாத ஊரில். கூட்டத்தின் முன்னால் நின்ற பலர் இங்கே வளர்ந்த பிள்ளைகள். கோஷம் ஆங்கிலத்தில். கையில் பிடித்த புலிக்கொடி பற்றி எனக்கு விமர்சனம் உண்டு, அதை வேறிடத்தில் எழுதியிருக்கிறேன். 'இதுகளுக்கு ஊர் தெரியாது' என்று எழுதப்பட்ட அதே பிள்ளைகள்தான் ஊருக்காகத் தெருவில் குந்தியிருந்தார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லவருகிறேன். பதினைந்து வருடமாக நம் கதைகளுக்குள் அவர்கள் நுழையவில்லை. அங்கே இன்னும் கோப்பிக்கடை மகள்தான்.

மொழி பற்றி நான் சமாதானமாக இல்லை. சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறேன். என்னுடைய ஒன்பது வயது மகளும் அந்த வகுப்பில். 'அணில், ஆடு' வரை வருகிறாள், பிறகு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறாள். ஊரிலிருந்து என் அம்மா வாட்ஸப்பில் வந்தால் இருவரும் மாறி மாறிச் சிரிக்கிறார்கள், சொல் முடிந்துவிடுகிறது. அதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. போட்டிக் கதைகளின் அம்மம்மாவைக் கேலிசெய்ய எனக்கென்ன உரிமை என்று நினைப்பேன். எங்கள் பாடப்புத்தகத்தில் பொங்கல் இருக்கிறது, திருக்குறள் இருக்கிறது, பனையின் பயன்கள் இருக்கின்றன. 'இடப்பெயர்வு' என்ற சொல் இல்லை. பிள்ளையின் வீட்டில் ஒவ்வொரு நாளும் புழங்குகிற சொல் அது. சேர்க்கலாமா என்று கூட்டத்தில் கேட்டேன். சின்னப்பிள்ளையளுக்கு ஏன் அரசியல் என்றார்கள்.

மச்சாள் வீட்டுச் சடங்கு முடிந்த இரவு, நகையெல்லாம் கழற்றி, தலையிலிருந்த ஊசிகளை நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். மருமகள் களைத்துப்போயிருந்தாள். திடீரென்று, 'மாமி, உங்களுக்கும் இப்பிடி ஹோல் எடுத்தவையா?' என்றாள்.

எனக்கு 2000ஆம் ஆண்டு, மல்லாவிப் பக்கம், இடம்பெயர்ந்து இருந்த கொட்டில். அப்பா இல்லை. பக்கத்துக் கொட்டில் அன்ரி, யார் என்ன சாதி என்று ஒருவரும் கேட்காத ஒரு மனுசி, வாளியால் இரண்டு தரம் தண்ணி வார்த்துவிட்டு தன்னுடைய சட்டையொன்றைத் தந்தா. மேலே கிபிர் சுற்றியதால் மூன்றாவது வாளி வார்க்கவில்லை. ஈரத்தோடு பங்கருக்குள் ஓடினேன். இதை நான் என் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை. சொன்னேன், பாதி தமிழ், பாதி என்னுடைய உடைந்த ஆங்கிலம். கதவடியில் மச்சாள் வந்து நின்றதை நான் காணவில்லை.

மருமகள் கேட்டாள்: 'கொட்டில் எண்டா என்ன?'

நான் வாயைத் திறக்கமுதல் மச்சாள் உள்ளே வந்து கட்டிலில் இருந்தா. 'அது, நாலு தடி நட்டு, மேல கிடுகு...' என்று தொடங்கினா.