கொக்குத் தலையில் வெண்ணெய்

சென்னை பள்ளிக்கரணைப் பக்கத்து ஆயாக்கள் நேராகவும் திட்டுவார்கள். மனசு நன்றாக இருக்கும் நாளில்தான் சொலவடை வரும்.

சுலபமான வேலையைச் சுற்றி வளைத்துச் செய்பவனைப் பார்த்து, “இன்னா நைனா, கொக்குத் தலைல வெண்ண வெச்சிப் புடிக்கப் போறியா?” என்பார் எங்கள் தெருவில் மீன் விற்ற ஆயா. கொக்கின் தலையில் வெண்ணெய் வைக்க வேண்டும். வெயிலில் அது உருகி வழிந்து கண்ணை மறைக்க வேண்டும். பிறகு போய்ப் பிடிக்க வேண்டும். வெண்ணெய் வைக்கக் கிட்டே போனவன் அப்போதே அமுக்கியிருக்கலாமே? அந்தக் கேள்வியைச் சொலவடை கேட்காது, நம்மிடம் விட்டுவிடும். ஒரு சான்றிதழுக்காக நாலு ஜன்னல் ஏறி இறங்கியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தமிழ்நாடு முழுக்கப் புழங்குவதுதான். ஆனாலும் கொக்கும் நாரையும் கண்ணெதிரே நிற்கும் ஊரில் இதற்குத் தனி ருசி. அவை வந்து நிற்கும், 2022-இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இங்கத்திய சதுப்புநிலம் ஏறக்குறைய 1,247 ஹெக்டேர்.

திடீர்ப் பணக்காரனுக்கு, “நண்டு கொழுத்தா வளைல தங்காது.” முறுக்கிக்கொண்டு பந்தியில் உட்காராத சம்பந்திக்கு, “கொளத்தோட கோச்சிக்கினு கால் கழுவாத போனானாம்.” (அசல் வடிவத்தில் கழுவுவது கால் அல்ல.)

கரிசல் வட்டாரப் பேச்சுக்கு எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அகராதியே தொகுத்தார். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், உங்கள் வீட்டு ஆயா பேசும்போது கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். திட்டு விழுந்தால் அதையும் சேர்த்து.