யாரு கேட்ட கதை இது?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினேன். பழைய சினிமாப் பாட்டுகளின் தாளம் பற்றியது. ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இத யாரு வேணா எழுதலாமே. நீங்க உங்க தெருவப் பத்தி எழுதுங்க, அதுலதான் உயிர் இருக்கும்” என்றார். நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எது என்னைக் குத்தியது என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் பெர்சிவல் எவரெட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது.

எவரெட் 1956இல் ஜார்ஜியாவில் ஒரு ராணுவ முகாமில் பிறந்தார். வளர்ந்தது தென் கரோலினாவின் கொலம்பியா நகரில். அப்பா பல் வைத்தியர். 1983இல் வந்த முதல் நாவலின் நாயகன் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரன். அதன்பின் கௌபாய் கதை, கிரேக்கப் புராணம், கைக்குழந்தை சொல்லும் கதை என்று இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள். ‘கறுப்பன்னா இதத்தான் எழுதணும்’ என்று போட்ட வேலியை ஒவ்வொரு புத்தகத்திலும் தாண்டிக் குதித்தவர். அதனால் ரொம்ப காலம் வாசகர்கள் குறைவு. சிறிய பதிப்பகங்கள்தான் தாங்கிப் பிடித்தன.

1989இல் தென் கரோலினா சட்டமன்றத்தில் பேச அழைத்தார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி அந்தக் கட்டடத்தில் தொங்கியது. பேச்சின் நடுவிலேயே, இந்தக் கொடி இருக்கிற இடத்தில் பேசமாட்டேன் என்று இறங்கிவிட்டார். பிறகு இதையே ஒரு சிறுகதையாக்கினார். அதில் ஒரு கறுப்பு இளைஞன் அந்தக் கொடி ஒட்டிய பழைய வண்டியை விலைக்கு வாங்கி, ‘இது எங்க கொடி’ என்று சொல்லி ஓட்டித் திரிகிறான். மற்ற கறுப்பர்களும் அதையே செய்ய, கடைசியில் அரசுக் கட்டடத்திலிருந்து கொடியே காணாமல் போகிறது. சத்தம் போடாமல் கழுத்தைப் பிடிக்கிற பகடி.

2001இல் வந்த ‘எரேஷர்’ நாவலுக்கு வருவோம். தமிழில் ‘அழிப்பு’ என்று சொல்லலாம். நாயகன் மங்க் எலிசன் கறுப்பினப் பேராசிரியர், நாவலாசிரியர். கிரேக்க நாடகங்களை ஒட்டி எழுதுகிறவர். அந்தப் புத்தகங்களைக் கடையில் கறுப்பினவியல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அட்டையில் இருக்கிற முகம் கறுப்பு, வேறென்ன காரணம்? ‘உங்க எழுத்துல கறுப்புத்தனம் போதல’ என்கிறது பதிப்புலகம். வெறுத்துப்போய், பொய்ப் பெயரில் ஒரு சேரிக் கதையைக் கிண்டலாக எழுதி அனுப்புகிறார். துப்பாக்கி, கற்பழிப்பு, கொச்சை எல்லாம் வழிகிறது. ‘ஆகா, இதுதான் உண்மை’ என்று ஆறு லட்சம் டாலர் தருகிறார்கள். கடைசியில் அதற்கே பெரிய விருது. விருதுக் குழுவில் மங்க்கும் ஒரு நடுவர். அவர் வேண்டாம் என்கிறார், மற்றவர்கள் கேட்கவில்லை.

படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு.

அந்தக் கிண்டல் நாவலை எவரெட் முழுசாகவே உள்ளே வைத்திருக்கிறார். அது 1940இல் ரிச்சர்ட் ரைட் எழுதிய ‘நேட்டிவ் சன்’ நாவலின் பகடி. ரைட் யார்? மிசிசிப்பியில் வாரத்துக்கு உழுத ஒரு கூலியின் மகன். மங்க் யார்? அப்பா, அக்கா, அண்ணன் எல்லாரும் டாக்டர். கடற்கரையில் ஓய்வு வீடு. டாக்டர் வீட்டுப் பிள்ளை சேரிப் பேச்சைக் கிண்டல் பண்ணும்போது உதை யாருக்கு விழுகிறது? கறுப்பு வலியை வாங்கி ரசிக்கிற வெள்ளை வாசகனுக்கா, அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லாதவளுக்கா? நாவலில் சேரிக் கதை எழுதிப் புகழ்பெற்ற ஒரு பெண் வருகிறாள். பதில் சொல்ல அவளுக்கு இடமே இல்லை. 2023இல் வந்த ‘அமெரிக்கன் ஃபிக்‌ஷன்’ படம் அந்த இடத்தைக் கொடுத்தது. மங்க்கும் அப்படியொரு எழுத்தாளரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். 2024இல் தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய படம் அது.

எவரெட்டும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2021இல் ‘தி ட்ரீஸ்’ வந்தது. 1955இல் மிசிசிப்பியில் பதினாலு வயசுப் பையன் எம்மெட் டில்லை அடித்துக் கொன்றார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலைகாரர்களை விடுவித்தது. நாவலில் அந்தக் கொலைகாரர்களின் வாரிசுகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பக்கத்தில் ஒரு கறுப்புப் பிணம் கிடக்கிறது, பிறகு காணாமல் போகிறது. வெள்ளைப் போலீசின் அசட்டுத்தனத்துக்குச் சிரித்துக்கொண்டே போனால், ஓர் அத்தியாயம் முழுக்க வெறும் பெயர்கள். கும்பல் அடித்துக் கொன்றவர்களின் பெயர்கள். ஒருத்தன் உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறான். அங்கே என் கிழவி ஞாபகம் வந்தது. செத்தவங்க பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அழும்.

2024இல் ‘ஜேம்ஸ்’. மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை அடிமை ஜிம் தன் வாயால் சொல்கிறான். வெள்ளைக்காரன் முன்னால் எப்படிக் கொச்சையாகப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறான். தங்களுக்குள் பேசும்போது திருத்தமான ஆங்கிலம். அடிமைப் பேச்சு என்பது எஜமான் பயப்படாமல் இருக்கப் போட்ட வேஷம். நாம் நேர்மாறாக வந்தவர்கள். வீட்டுப் பேச்சை ஏட்டில் ஏற்றச் சண்டை போட்டவர்கள். அதனால் இந்த இடம் எனக்கு உறுத்தியது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பேச்சை நான் பேசுகிறேனா, பேச வைக்கப்படுகிறேனா?

ஜிம்முக்காக ஒருவன் எஜமானிடமிருந்து ஒரு துண்டுப் பென்சிலைத் திருடித் தருகிறான். அதற்காக அவனைக் கொல்கிறார்கள். அந்தப் பென்சிலால்தான் ஜிம் எழுதுகிறான். ‘எரேஷ’ரில் எனக்குக் கிடைக்காத பதில் இதில் இருக்கிறது. எழுதுகிறவனுக்காக உயிரை விட்டவன் இருக்கிறான் என்பது தெரிந்துவிட்டால், தெருவைப் பார்த்துச் சிரிக்க முடியாது. சந்தைக்காக அதை விற்கவும் முடியாது.

‘ஜேம்ஸ்’ 2024இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதையும் 2025இல் புலிட்சரையும் வாங்கியது. மங்க் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பானோ!

தாளம் பற்றிய அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துவிட்டேன். மறுபடி அனுப்பப்போறேன். என் தெருவைப் பத்தியும் எழுதுவேன். எப்போன்னு நான்தான் முடிவு பண்ணணும்.