கட்டற்ற பணிசெயல் முறைமையும் தமிழும்

கணினியின் உறுப்புக்களை ஒருங்கியக்கி, பயன்படுத்துவோர் இடும் பணிகளை நிறைவேற்றும் அடிப்படை மென்பொருள் இலங்கைப் பாடநூல்களிற் பணிசெயல் முறைமை எனவும், தமிழ்நாட்டில் இயக்க அமைப்பு, இயக்குதளம் எனவும் வழங்கப்பெறும். இஃது இருவகைப்படும். ஒன்று, விண்டோஸ் போல மூலநிரல் மறைக்கப்பட்டு உரிமையாளரின் நிபந்தனைகட்கமையப் பயன்படுவது. மற்றையது, மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இடந்தருவது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இவ்விரண்டாம் வகையின் தோற்றுவாய்களாம். அவற்றின்மேற் கட்டப்பெற்ற டெபியன், உபுண்டு முதலியனவே இன்று மேசைக்கணினிகளிற் பயில்வன.

பண்டத்தரிப்புப் போன்ற ஊர்களில் இப்பொருள் இப்பொழுது ஆராயத்தக்கதாயினமைக்குக் காரணமுண்டு. விண்டோஸ் 10க்குரிய வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நின்றது. ஓராண்டு நீட்டிப்புப் பெறும் வழி உண்டெனினும், பழைய கணினிகள் பல விண்டோஸ் 11 வேண்டும் பாதுகாப்புச் சில்லு முதலியவற்றை உடையனவல்ல. நன்றாய் இயங்கும் பொறியைக் கழித்துவிடுவதா, லினக்ஸை நிறுவிக்கொள்வதா என்னும் வினா இதனால் எழுகின்றது.

லினக்ஸை ஆதரிப்போர் முதலிற் கூறுவது அது விலையின்றிக் கிடைக்கும் என்பதே. இவ்வாதம் வலியற்றது. உரிமமில்லாப் பிரதிகளை இறுவட்டில் வாங்கிப் பழகிய சமூகத்திலே விண்டோசும் நடைமுறையிற் பெரும்பொருட் செலவின்றியே கிடைத்துவந்தது. அது களவெனக் கருதினாரும் சிலரே. உபுண்டு நிறுவனத்தார் 2005 முதல் 2011 வரை உலகெங்கும் கேட்டார்க்கெல்லாம் இறுவட்டுக்களை அஞ்சற்செலவுமின்றி அனுப்பினர். பெற்று அலுமாரியில் வைத்தாரும் உளர். இலவசம் என்பது ஒரு பொருளைக் கையிற் சேர்க்குமேயன்றிக் கருத்திற் சேர்ப்பதில்லை.

வலியுள்ள வாதம் உலக நடப்பிலிருந்து வருகின்றது. 2025 யூலையில் ஐரோப்பிய ஒன்றியம் உருசியாவின்மேல் விதித்த தடைகளுள், உருசிய நிறுவனமொன்று ஏறக்குறையப் பாதிப் பங்கு கொண்ட நயாரா என்னும் இந்திய எண்ணெய் நிறுவனமும் அகப்பட்டது. அதனையடுத்து மைக்ரோசொவ்ற் தன் சேவைகளை அதற்கு நிறுத்தியது. நயாரா டில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது; சில நாளிற் சேவைகள் மீண்டன. இந்திய மண்ணில், பணங்கொடுத்துப் பெற்ற கருவியின் திறவுகோல் வேறொரு கண்டத்தாரின் முடிவைப் பொறுத்திருந்தமை அன்று வெளிப்பட்டது.

யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. 1990களின் முற்பகுதியிலே எரிபொருளும் மின்கலமும் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அக்காலத்து மோட்டார் சைக்கிள் சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிற்று. துவிச்சக்கரவண்டியின் தைனமோ வானொலிக்கு மின்னூட்டிற்று. இவற்றை மக்களின் மதிநுட்பத்துக்குச் சான்றாகக் கூறுவது வழக்கம். அது மெய்யே. எனினும் ஒன்று சொல்லாது விடப்படுகின்றது. அப்பொறிகள் திறந்து பார்க்கக்கூடியனவாய் இருந்தன. காபரேற்றரைக் கழற்றுதற்கு எவருடைய இசைவும் வேண்டியிருந்திலது. மூடிய மென்பொருளாயின் எத்துணை மதிநுட்பமும் மூடிக்கு வெளியே நின்று திகைக்கும்.

இனி, கட்டற்ற மென்பொருளாளர் சிலர் தம் முறைமை அரசுகளுக்கு அப்பாற்பட்டதெனப் பெருமை பேசுவர். அதுவும் பொருந்தாது. 2024 ஒக்டோபரில் லினக்ஸ் கருவின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து உருசியத் தொடர்புடையார் சிலருடைய பெயர்கள் நீக்கப்பட்டன. தடைச்சட்டங்களுக்கு அமையவேண்டியிருந்தமையே காரணமெனப்பட்டது. டோர்வால்ட்ஸ் அம்முடிவை மாற்ற இசைந்திலர். பல்லாண்டு உழைத்தாரைப் போதிய விளக்கமின்றி முதலில் நீக்கியமை அச்சமூகத்துக்கு அழகன்று. ஆயினும் இந்நிகழ்ச்சியையும் நயாரா நிகழ்ச்சியையும் ஒருதரத்தனவாகக் கொள்ளுதல் பிழையாகும். நீக்கப்பட்டார் இழந்தது பட்டியலில் ஓரிடம், நிரலை அன்று. அவர்தங் கணினிகளில் லினக்ஸ் முன்போலவே இயங்கியது. அதனைப் படித்துத் திருத்தும் உரிமையும் பறிபோகவில்லை.

அவ்வுரிமை பயனளிப்பது படிப்பாரும் திருத்துவாரும் உள்ளவழியே. செருமனியின் மியூனிக் மாநகரசபை 2004 முதல் லினக்ஸுக்கு மாறி, ஏறக்குறையப் பதினையாயிரம் கணினிகளில் அதனை நிறுவியபின், 2017இல் விண்டோசுக்கே மீள முடிவு செய்தது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்திலே விண்டோசுடன் இந்திய அரசின் சீ-டாக் நிறுவனம் ஆக்கிய பொஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. அண்டையிலுள்ள கேரளமோ வேறுவழி சென்றது. அங்கே பாடசாலைகள் லினக்ஸுக்கு மாறியபோது ஆசிரியர் பெருந்தொகையாகப் பயிற்றப்பட்டனர். பாடநூல் அதன்மேல் எழுதப்பட்டது. செய்முறைத் தேர்வும் அதன்மேலேயே நடந்தது. தேர்விலில்லாததை எம்மவர் கற்பதில்லை என்பதைக் கேரளத்தார் நன்கறிந்திருந்தனர் போலும்.

தமிழர் இவ்வுரிமையை எங்ஙனம் கையாண்டனர் என்பதைக் காட்டும் உரைகல் திரையிலே தோன்றும் தமிழாகும். 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடு, இலங்கை, புலம்பெயர் நாடுகளிலிருந்த தொண்டர்கள் கே.டி.இ., நோம் என்னும் திரைமுகப்புக்களைத் தமிழாக்கத் தொடங்கினர். ஊதியமின்றிச் செய்த பெரும்பணி அது. அதனாலேயே அது திறனாய்வுக்குப் புறம்பானதாகிவிடாது.

சொல்லாக்கத்திற் குறை மிகுதியில்லை. கோப்பு, சாளரம், உலாவி, கடவுச்சொல் என்பன வேரூன்றிவிட்டன. குறை தொடராக்கத்திலேயே உள்ளது. ஆங்கிலத்தில் ஏவல்வினை ஒன்றே. பயனர் பொறியை ஏவுவதும், பொறி பயனரை வேண்டுவதும் அங்கே ஒரே வடிவின. தமிழில் முன்னதற்குச் 'சேமி', 'மூடு' என்னும் ஒருமையேவல் பொருந்தும். பின்னதற்கு 'உள்ளிடுக', 'தெரிவுசெய்க' என்னும் வியங்கோளே மரபு. மொழிபெயர்ப்பாளர் முழுத்திரையையும் காணாது துண்டுதுண்டாகத் தொடர்களைப் பெயர்ப்பதால் இவை தடுமாறுகின்றன. ஊன்றுகோல் பிடித்த பெரியவர் ஒருவரைப் பொறியானது 'கடவுச்சொல்லைக் கொடு' என ஏவின், அவர் அதனைத் தமிழின் குறையெனவே எண்ணுவார்.

வேற்றுமை இதனினும் இடர்ப்பாடுடையது. கோப்பின் பெயரைப் பொறி பின்னரே இட்டு நிரப்புமாதலின், மொழிபெயர்ப்பாளர் வெற்றிடத்தின் பின் 'ஐ' உருபைத் தனியே நிறுத்திவிடுவர். கோப்பின் பெயர் 'கடிதம்' என்றிருப்பின், திரையிற் 'கடிதம் ஐ நீக்கவா?' எனத் தோன்றும். 'கடிதத்தை' எனச் சாரியை பெறவேண்டுமென்பது பொறிக்குத் தெரியாது. 'கடிதம் என்னும் கோப்பை நீக்கவா?' என்று அமைப்பின் எப்பெயர் வரினும் இலக்கணம் வழுவாது. இலக்கணங் கற்றார் ஒருவர் அருகிருந்தாற் கணப்பொழுதிற் சொல்லியிருக்கக்கூடியது இது. கணினி வல்லார் இலக்கண வல்லாரை நாடாமையும், இலக்கண வல்லார் கணினியைத் தமதன்றென ஒதுக்கினமையும் சேர்ந்து விளைத்த பிழை இஃது என்க.

இப்பிரிவு இம்மண்ணுக்கு முன்னர் உரியதன்று. 1820இல் ஜோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க மிசன் வைத்தியர் பண்டத்தரிப்பில் மருத்துவப்பணி தொடங்கினார். அம்மிசனிற் பின்வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, உடற்கூறும் சத்திரமருத்துவமும் தமிழ்நூல்களாக வெளிவரச் செய்தார். அவருடைய சொற்களுட் பல இன்று வழக்கிலில்லை. ஆயினும் அந்நூல்கள் மாணவர் கையிலே பயின்றன. மருத்துவமறிந்தாரும் தமிழறிந்தாரும் ஒரே மேசையில் இருந்து சொல் தேர்ந்தனர். இன்றைத் திரைத்தமிழோ வகுப்பறையைப் பெரும்பாலும் கண்டதில்லை. தமிழ்மொழி மூலம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியரே கணினியின் முகப்பை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு கற்பித்தல் இங்கே வியப்பன்று.

விண்டோசிலும் தமிழ் முகப்பு உண்டு. அதிற் பிழை காண்பார் நிறுவனத்துக்கு எழுதிக் காத்திருத்தல் வேண்டும். லினக்ஸிற் 'கடிதம் ஐ' என்பதைக் காணும் உயர்தர வகுப்பு மாணவன் அத்தொடர் அமைந்த மொழிபெயர்ப்புக் கோப்பைத் தானே இறக்கி, திருத்தி, மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அனுப்பலாம். அவர்கள் ஏற்பின், அடுத்த பதிப்பிலே பண்டத்தரிப்பிலும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் ரொறன்ரோவிலும் அவன் எழுதிய தொடரே திரையில் தோன்றும்.