சதக் கணக்கின் சௌந்தர்யம்

செயலி எழுதப் பழகும் மாணாக்கர் முதலில் கைவைக்கிற பயிற்சிகளுள் ஒன்று, கைத்தொலைபேசியில் வரவு செலவு குறிக்கும் சிறு கணக்குச் செயலி. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய பம்பைமடு வவுனியா வளாகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலும் கணினி பயிலும் பிள்ளைகள் அதை அற்ப வேலையென்று எண்ணக்கூடும், சி.ஆர். கொப்பியில் வீட்டுக் கணக்கெழுதிய தாய்மாரின் பொறுமையை அறிந்த ரசிகனுக்கோ அதன் சூட்சுமங்கள் திகட்டாதவை.

முதற் சூட்சுமம் சதத்தில் இருக்கிறது. துவித எண்முறையில் சிந்திக்கிற இயந்திரம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.30000000000000004 என்று கூசாமற் சொல்லுமாதலால், தேர்ந்தவன் ரூபாயைப் பின்னமாக வைப்பதேயில்லை. 1250 ரூபாய்ப் பசளையை 125000 சதமென்று முழு எண்ணாகவே பதிந்து, திரையில் காட்டும்போது மாத்திரம் புள்ளி வைப்பான். கடைத்தெருவில் மறைந்துபோன சதம் செயலியின் வயிற்றில் சீவித்திருக்கிறது!

எழுதிய செயலியைப் பரீட்சித்துப் பார்ப்பது இதனினும் பெரிய கலை. சேமிக்கும் கணத்தில் மின்னேற்றம் தீர்ந்து போன் அணைந்தால் என்னாகும்? ரிச்சர்ட் ஹிப் 2000இல் ஆக்கிய எஸ்கியூலைட் தரவுத்தளம், பதிவை முழுதாய் எழுதும், இல்லையேல் எழுதாமலே விடும். அரைகுறைக்கு அங்கே இடமில்லை. அதனை முறையாகப் பிரயோகித்தவனுக்கு அந்தக் கவலை விட்டது.

ஆனால் நேரம் இலகுவில் வசப்படாது. முல்லைத்தீவுக் கரையில் விடியற்காலை நான்கு மணிக்குப் படகுக்கு மண்ணெண்ணெய் வாங்குகிறவர் அந்தச் செலவைக் குறிக்கிறாரென்று வையுங்கள். செயலி சர்வதேச நேரத்தை வைத்துக்கொண்டு திகதியையும் அதிலிருந்தே பிரித்தெடுக்குமானால், நமது நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியதாகையால், இன்றைய மண்ணெண்ணெய் நேற்றைய கணக்கில் போய் விழும். மாதத்தின் முதல் நாளாயின் மாதமே மாறிவிடும். பகல் பத்து மணிக்கு மேசையிலிருந்து பரீட்சிக்கிறவனுக்கு இப்பிழை ஒருநாளும் அகப்படாது. வன்னிக்கு இந்த நேரச் சங்கடம் புதிதுமல்ல: 1996இல் கொழும்பு கடிகாரத்தை முன்தள்ளியபோது விடுதலைப் புலிகளின் நிர்வாகப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றமையால், 2006 ஏப்ரலில் நாடு ஐந்தரைக்குத் திரும்பும்வரை வவுனியா நகருக்கும் ஓமந்தைக்கு அப்பாலுக்கும் நேரம் வேறுபட்டிருந்தது. உலக நேர அட்டவணையில் கொழும்பின் பெயரால் அந்த மாற்றங்களெல்லாம் பதிவாகியிருக்க, வன்னி நின்ற நேரத்துக்குத் தனி வரியில்லை.

மாதச் சம்பளக்காரனை மனத்தில் வைத்துச் செயலி வரைகிற மாதச் செலவு வட்டப்படம் இரணைமடுவின் கீழ் நெல் விதைப்பவருக்கு உதவாது. காலபோக அறுவடையில் ஒருமுறை வருகிற பணத்துக்காக உழவுகூலி, விதைநெல், கிருமிநாசினி என்று மாதக்கணக்கில் செலவிடுகிற அவரைச் செயலி ஒவ்வொரு மாதமும் சிவப்பு நிறத்தில் கண்டித்துக்கொண்டிருப்பது அபத்தம்; அவருக்குப் போகக் கணக்கு வேண்டும். காப்பை அடகு வைத்துப் பெற்ற காசை வரவென்று கூட்டுகிற செயலியோ, பொய்க் கணக்கே எழுதுகிறது. அது கடன், மீட்கும்போது திருப்பும் முதற்பணம் செலவாகாது, வட்டி மாத்திரமே செலவு. நான் ஒரு செயலியை எடைபோட விரும்பினால் முதலில் ஒரு சோடிக் காப்பை அதில் அடகு வைத்துப் பார்ப்பேன்.