லிபெட் சோதனையும் உயிரின் இச்சையும்

உயிர்கள் தம் இச்சையாற் செயல்புரிகின்றனவோ, அன்றி எல்லாம் முன்னை ஏதுக்களால் நிகழ்வனவோ என்னும் வழக்கு மேனாட்டுத் தத்துவ நூலார்க்கும் பழையதே. அதனைக் கருவிகொண்டு தீர்த்துவிட்டதாகப் பலர் எடுத்துக்காட்டுவது, கலிபோர்னியாவிற் பெஞ்சமின் லிபெட் என்பார் தங் குழுவினரொடு நிகழ்த்தி 1983-இல் வெளியிட்ட சோதனையாம். அதன் வலிமை எத்துணைத்தென்பது ஆராயத்தக்கது.

சோதனைக்கு உட்பட்டோர் கடிகார வட்டத்திற் சுழலும் ஒளிப்புள்ளியை நோக்கியிருந்து, வேண்டியபோது கையை அசைத்தனர். அசைக்கும் விழைவு தோன்றிய கணத்திற் புள்ளி நின்ற இடத்தைப் பின்னர்க் கூறினர். அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிவிநாடி முன்னரே மூளையில் ஆயத்த மின்னலை எழுந்தது. விழைவு உணரப்பட்டதோ ஏறத்தாழ 200 மில்லிவிநாடி முன்னர். ஆகவே முடிவு மூளையினதே, இச்சை அதன் நிழலே என்றனர் ஒருசாரார்.

அற்றன்று. அம்மின்னலை பல அசைவுகளின் பதிவுகளை அசைவுக் கணத்தினின்று பின்னோக்கி அடுக்கிச் சராசரி கண்டு பெற்றது. அசைவில் முடியாத அலைகள் அக்கணக்கில் வாரா. மூளையில் இயல்பாக ஏறியிறங்கும் அலைவு ஓரெல்லையைக் கடக்குங்கால் அசைவு நிகழுமெனக் கொள்ளினும் அவ்வடிவே தோன்றுமென 2012-இல் ஆரன் ஷர்கர் முதலியோர் காட்டினர். ஆகலின் முன்னெழுந்த அலை முன்செய்த முடிவென்பது பெறப்படாது.

அன்றியும், ஆண்டு அளக்கப்பட்டது எப்பொழுது அசைப்பினும் ஒக்குமென்னும் பயனில் அசைவே. கொடுத்த வாக்கைக் காப்பதா, கைவிடுவதா என்று நெடிது எண்ணித் துணிவது அவ்வளவைக்குள் வந்திலது. எழுந்த விழைவை இறுதிக் கணத்தில் விலக்கும் ஆற்றல் உண்டென லிபெட்டே கூறினார். ஆயின் அவ்விலக்குக்கும் முன்னேது உண்டோவென்னும் வினா எஞ்சுதலின், அஃது உறுதியான புகலிடமாகாது.

இனி, இச்சோதனை தளர்ந்தமையால் உயிரின் முழுச் சுதந்திரம் நிறுவப்பட்டதெனச் சைவர் மகிழ்தற்கு இடனில்லை. தன்வயத்தனாதல் இறைவன் எண்குணத்துள் ஒன்று, உயிர்க்கு உரித்தன்று. உயிர்க்கு இச்சா ஞானக் கிரியைகள் உண்டெனினும், மலத்தான் மறைப்புண்டு, கருவிகளின் துணையாலும் இறைவன் உணர்த்துதலாலுமே அவை தொழிற்படும். எனவே கருவி முற்பட்டு அசைந்ததென்னும் செய்தி ஒன்றே சித்தாந்தத்தைக் குலைப்பதன்று.

எனினும், யாது காணப்படினும் தம் கொள்கைக்கு இயையுமென்று அமைந்துவிடுவதும் ஆராய்ச்சியாகாது. உயிர் எண்ணித் துணிவது செயலின்கண் எவ்வேறுபாட்டையும் விளைவியாதென ஒருகால் மெய்ப்பிக்கப்படுமாயின், உபதேசமும் சாதனமும் பயனிலவாய் முடியும். சித்தாந்தி விடைகூற வேண்டிய இடம் அதுவே. லிபெட் சோதனை அவ்விடத்தை அணுகிற்றில்லை.